முனியாண்டி கேட்காத மண்டபம்

தம்பி,

இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். மீன் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு அடுத்த அறையில் காலை நீட்டிப் படுத்திருக்கிறாய், குறட்டைச் சத்தம் இங்கே வரை கேட்கிறது. ஒரே கூரைக்குக் கீழ் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே, அம்மாவுக்கு வயதாகி மூளை குழம்பிவிட்டதா என்று நீ நினைக்கலாம். வயதாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். மூளை நன்றாகவே இருக்கிறது. நேரில் பேசித்தான் பார்த்தேன். நான் வாயைத் திறந்தாலே, "மா, மீட்டிங் இருக்கு லா, வந்து பேசுவோம்" என்று மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாய். வந்த பிறகு உனக்குத் தலைவலி வந்துவிடுகிறது. எழுத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நீ சின்ன விஷயம் என்றாய். நம் தாமான் குடியிருப்பின் நடுவில் இருக்கும் திடலில் உன் மகள் யாழினி பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். திடல் என்று பழக்கத்தில் சொல்கிறேன். இப்போது அது முனியாண்டி கோயில் வேலிக்கும் சாலைக்கும் நடுவில் மிஞ்சியிருக்கும் ஒரு துண்டு நிலம், அதில் ஓர் ஊஞ்சல், ஒரு சறுக்கு. பந்து உருண்டு கோயில் வேலிக்குள் போனது. கேட் திறந்திருந்தது. ஆறு வயதுப் பிள்ளை செருப்போடு ஓடிப்போய் எடுத்தாள். உங்கள் கோயில் கமிட்டித் தலைவர் அவள் காதைத் திருகி, நம் வீட்டு வாசல் வரை இழுத்து வந்தார். "செக்ரட்டரி வீட்டுப் புள்ளையே இப்படிப் பண்ணா, மத்தவங்கள நாங்க என்னா கேக்குறது?" என்றார். நீ பிள்ளையின் காதைப் பார்த்தாயா? அது மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருந்தது. நீ அவர் முகத்தைத்தான் பார்த்தாய். "சாரி அண்ணே, சாரி அண்ணே" என்று கையைப் பிசைந்தாய். பிறகு அவளைத் திரும்பக் கோயிலுக்குக் கூட்டிப்போய், முனியாண்டிக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி, அவர் போதும் என்று சொல்கிறவரை தோப்புக்கரணம் போட வைத்தாய். நான் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது என்று சொல்லி வெட்கப்பட்டாய். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

அந்தக் கல் யார் வீட்டுக் கல் என்று தெரியுமா உனக்கு? தெரியும். ஆனால் உங்கள் கமிட்டி அச்சடித்த திருவிழா நோட்டீஸில் 'சுயம்பு' என்று போட்டிருக்கிறது, நீயும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அது என் ஆட்டுக்கல்லின் குழவி. பிரிக்பீல்ட்ஸில் இருந்தபோது வாங்கியது. உன் முதல் பிறந்த நாளுக்கு வடைக்கு உளுந்து அரைத்தது அதில்தான். பிளென்டர் வந்த பிறகு கொல்லையில் சும்மா கிடந்தது. அது எப்படித் திடலுக்குப் போனது, யாருக்காகப் போனது என்பதை நீ மறந்துவிட்டாய், இல்லை, மறந்த மாதிரி இருப்பது உனக்கு வசதியாக இருக்கிறது. இரண்டில் எதுவானாலும் நான் ஞாபகப்படுத்துகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாம் இருந்த காலத்தில் உனக்கு விளையாட இடம் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. வரிசை வீடுகளின் பின்கதவு எல்லாம் ஒரே திடலைப் பார்த்துத் திறக்கும். சோற்றை வடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தால் போதும். எவள் பிள்ளை விழுந்தாலும் பக்கத்தில் இருப்பவள் தூக்கிவிடுவாள். உன் அப்பாவுக்குக் கிள்ளானுக்கு மாற்றலாகி, இங்கே தாமான் வீடு பார்க்க வந்தபோது, வீடு விற்றவர்கள் ஒரு வண்ணப்படத்தைக் காட்டினார்கள். வீடுகளுக்கு நடுவில் ஒரு பச்சைச் சதுரம், அதில் பொடி எழுத்தில் விளையாட்டு மைதானம் என்று இருந்தது. ஒரு குட்டி ஊஞ்சல்கூட வரைந்திருந்தார்கள். உன் அப்பா சமையலறை எத்தனை அகலம் என்று பார்த்தார். நான் அந்தச் சதுரத்தைப் பார்த்துத்தான் சரி என்றேன். குடிவந்து பார்த்தால் இடுப்பளவு லாலாங் புல், உடைந்த செங்கல், மழையில் நனைந்து பாறையாகிப் போன சிமெண்டு மூட்டைகள். ஊஞ்சல் எங்கே என்று கேட்கப் போனால் "நாந்தி, நாந்தி" என்றார்கள். அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். ஒருநாளும் நடக்காது என்பதை இந்த ஊரில் அப்படித்தான் சொல்லுவார்கள்.

நீ தெருவில்தான் விளையாடினாய். காப்பார் பக்கமிருந்து செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரிகள், குறுக்குவழி என்று நம் தெருவுக்குள் புகுந்து போகும். ஒரு நாள் நீ கோலி உருட்டிக்கொண்டு நடுரோட்டில் குந்தியிருந்தாய். பிரேக் சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது லோரியின் மூக்கு உன் தலைக்கு மேலே நின்றது. டிரைவர் இறங்கி வந்தார், நம்மவர்தான். "என்னாக்கா இது, புள்ளைய ரோட்டுல விட்டுட்டு? வெளையாட வேற எடமே இல்லியா?" என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கேட்ட கேள்விதான் ராத்திரி முழுக்கக் காதில் நின்றது.

அடுத்த நாளிலிருந்து உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு இடம் தேடினேன். பக்கத்துத் தாமானில் உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே ஒரு சறுக்கு இருந்தது. தகரம் கிழிந்து போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. உன் தொடையில் இன்றும் அந்தத் தழும்பு இருக்கும், பார்த்துக்கொள். இன்னோர் இடத்தில் எல்லாம் புதுசு, ஆனால் ஒரு மரம்கூட இல்லை. நாலு மணி வெயிலில் சறுக்கு தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது, நீ உட்கார்ந்த வேகத்தில் அலறிக்கொண்டு எழுந்தாய். ஆற்றுப் பக்கம் ஒன்று, மணல் பஞ்சு மாதிரி இருந்தது, ஆனால் பத்தடி தள்ளி மூடாத பெரிய லோங்காங். மழை பெய்தால் அந்தச் சாக்கடையில் ஆளையே அடித்துக்கொண்டு போகும். ஒன்றுதான் எல்லாவிதத்திலும் நன்றாக இருந்தது. பெரிய அதிகாரிகள் குடியிருப்புக்குள் இருந்தது அது. நிழல் இருந்தது, அம்மாமார் உட்கார பெஞ்சு இருந்தது, தண்ணீர்க் குழாயும் இருந்தது. நீ ஊஞ்சலில் ஏறி இரண்டு ஆட்டம் ஆடுவதற்குள் காவலாளி வந்து, இது உள்ளே இருக்கிறவர்கள் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இறக்கிவிட்டான். நீ அழவில்லை. "நாம எப்பம்மா உள்ள போவோம்?" என்று கேட்டாய். தம்பி, இத்தனை வருடம் கழித்து நீ உள்ளே போய்விட்டாய். காவலாளி வேலைக்குத்தான் போயிருக்கிறாய்.

அலைந்து அலைந்து எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. நீயும் நாளைக்கு வேறு வீடு பார்த்துப் போவாய், கேட்டுக்கொள். விளையாட்டு மைதானம் என்றால் வண்ணம் அடித்த இரும்பைப் பார்க்காதே. வீடுகளின் சன்னல்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பார். நாலு வீட்டுச் சன்னல் பார்க்கிற இடத்தில் பிள்ளையை விடலாம். நிழல் வேண்டும், ஆனால் ஆள் ஒளியும் புதர் கூடாது. ஊஞ்சலுக்குக் கீழே தரை குழிந்திருந்தால் அது நல்ல அறிகுறி, பிள்ளைகள் தினமும் வருகிறார்கள். புல் முளைத்திருந்தால் ஏன் யாரும் வரவில்லை என்று விசாரித்துவிட்டுப் போ. முக்கியமாக, அங்கே எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்களா என்று பார். ஒரே சாதி, ஒரே இனம், ஒரே அந்தஸ்து என்று இருந்தால், அங்கே யாரோ யாரையோ விரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் அந்த லாலாங் காட்டையே திருத்துவது என்று முடிவு செய்தோம். நான், எதிர்வீட்டு மிஸஸ் லிம், மூலைவீட்டு ரொஹானி அக்கா, மூன்று பேரும் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினோம். வெட்டிய லாலாங் கையைக் கிழித்துவிடும். மருந்து போடக்கூட நேரம் இல்லாமல் வீட்டுக்கு ஓடிச் சமைப்போம். எங்களைப் பார்த்து வெட்கப்பட்டு ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். ரொஹானி அக்காவின் கணவர் துறைமுகத்திலிருந்து பழைய சங்கிலி கொண்டுவந்து ஊஞ்சல் கட்டினார். மிஸஸ் லிம்மின் தம்பி பட்டறையில் சறுக்கு அடித்துக் கொடுத்தார், விளிம்பை எல்லாம் விரலால் தடவிப் பார்த்துத்தான் நான் வாங்கினேன். உன் அப்பா ரயில் தண்டவாளக் கட்டையில் சீசோ செய்தார். அது ஒரு பக்கம் எப்போதும் கனமாகவே இருந்தது, அவர் கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தத் திடல் நன்றாக ஆனதும் வீடு விற்றவர்களுக்கு அதன் மேல் கண் விழுந்தது. கடைவீடு கட்டப் போகிறோம், திடலில் நிழல் தந்து நின்ற பெரிய மரத்தை வெட்டப் போகிறோம் என்று ஆள் அனுப்பினார்கள். எழுதிப் போட்டோம், ஆளைப் பார்த்தோம், "நாந்தி" என்றார்கள். அப்போதுதான் உன் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. "ஏ, ஒன் கொழவியக் குடு" என்றார். "எதுக்கு?" என்றேன். "மரத்தடியில நட்டு மஞ்சப் பூசி ஒரு சூலத்தையும் குத்திவெச்சிட்டா, எவன் கை வெப்பான்? முனியாண்டி பாத்துக்குவாரு." நான் சிரித்துக்கொண்டே தூக்கிக் கொடுத்தேன். மிஸஸ் லிம் ஊதுபத்தியும் ஆரஞ்சும் கொண்டுவந்து வைத்தாள். ரொஹானி அக்கா தூரத்தில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள். மண்தள்ளும் இயந்திரத்தோடு வந்த சீனக் குத்தகைக்காரர் கல்லைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி மூன்று முறை கும்பிட்டார். "டத்தோ இருக்குற எடம், நான் தொட மாட்டேன்" என்று, காவல் சாமியை அவர்கள் சொல்லும் பெயரில், அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை.

அப்படித்தான் உனக்குத் திடல் கிடைத்தது. சாமி வந்தது பிள்ளைகளுக்காக. கல்லில் சாமி இருக்கிறதா என்று என்னைக் கேட்டால் இருக்கிறது என்றே சொல்வேன். நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்கிறவள்தான். ஒரு நாள் நீ உதைத்த பந்து நேராகக் கல்லில் போய் மோதியது. சாமி கண்ணைக் குத்திவிடும் என்று நீ ஓவென்று அழுதாய். உன் அப்பா உன்னைத் தூக்கி, "அழுவாத லா. இவரும் நாள் பூரா சும்மாவே நிக்கிறாரு, வெளையாடணும்னு ஆச வந்திருக்கும்" என்றார். அன்றிலிருந்து நீங்கள் முனியாண்டியைக் கோல் கீப்பர் ஆக்கினீர்கள். உன்னையும் மிஸஸ் லிம் பையனையும் ரொஹானி அக்கா மகனையும் பிடித்து யாராவது தோப்புக்கரணம் போட வைத்தார்களா? ஒருவரும் செய்யவில்லை.

நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்றை நாங்கள் செய்தோம். சாமிக்கு இடம் கொடுத்தோம், அந்த இடம் எதுவரை என்று ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லை காக்கிற சாமிக்கே எல்லை வைக்கவில்லை. முதலில் மழைக்கு ஒரு தகரக் கூரை போட்டார்கள், நல்லதுதான் என்றோம். பிறகு சிமெண்டுத் தரை போட்டார்கள், சுத்தமாக இருக்கும் என்றோம். உன் அப்பா இருந்தவரை அதற்கு மேல் போகவில்லை. அவர் காரியம் முடிந்த கையோடு கமிட்டி வந்தது, ரசீதுப் புத்தகம் வந்தது, இரும்பு வேலி வந்தது. சீசோவில் பெண் பிள்ளைகள் ஏறுகிறார்கள், தீட்டு என்று அதைப் பிடுங்கினார்கள். மரத்து இலை கூரையில் விழுகிறது என்று, எந்த மரத்தைக் காப்பாற்ற அந்தக் கல்லை நட்டோமோ அந்த மரத்தையே வெட்டினார்கள். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பார்கள், அதைக் கண்ணால் பார்த்தேன். இப்போது மிச்சமிருக்கும் துண்டிலும் கல்யாண மண்டபமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊஞ்சலையும் சறுக்கையும் தூக்க லோரி வருகிறதாம். லோரிக்குச் சொல்லியிருப்பது நீ.

ஏன் என்று கேட்டேன். "மா, நம்ம ஆளுங்களுக்குன்னு ஒரு மண்டபம் வேணாமா? அவனவன் எவ்ளோ கட்டிக்கிறான்" என்றாய். நியாயமான ஆசைதான். மண்டபம் கட்டு, வேறு நிலம் பார்த்துக் கட்டு, நானே வந்து செங்கல் சுமக்கிறேன். யாழினி எங்கே விளையாடுவாள் என்றேன். "சுபாங்ல ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் உள்ளயே பிளேகிரவுண்ட் இருக்கு, ஏர்கோன், சேஃப், சன்டே கூட்டிட்டுப் போவோம் லா" என்றாய். பார்த்தேன் அந்த லட்சணத்தை. போன மாதம் நீ கூட்டிப்போனாயே, வலைக்குள் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி, அதில் பிள்ளைகளைக் கோழிக்குஞ்சு மாதிரி அடைத்து, நேரமானதும் மணியடித்து வெளியே எடுத்தார்கள். ஒரு பிள்ளை பேர் இன்னொரு பிள்ளைக்குத் தெரியாது. வாரத்தில் ஒரு நாள் விளையாடுவதற்குப் பிள்ளை என்ன ஆபீஸ் கிளார்க்கா? பள்ளி விட்டு வந்து, யூனிஃபார்மைக் கழற்றிப் போட்டுவிட்டு, "பாட்டி, போறேன்" என்று சொல்லிவிட்டு ஓடும் தூரத்தில் இருப்பதற்குப் பெயர்தான் திடல்.

உன் கமிட்டியை நான் சும்மா திட்டவில்லை, இன்னொன்றும் சொல்கிறேன். நேற்று ரொஹானி அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கும் இப்போது பேரப்பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பு என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தா அப்பா லா, பரவாயில்ல, அது நீங்க சாமி கும்பிடுற எடம், நாங்க வந்தா நல்லா இருக்காது" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் கையில் லாலாங் கிழித்த தழும்பு இருக்கிறது, தம்பி. அவள் புல் வெட்டிய நிலம் அது, அவள் புருஷன் கட்டிய ஊஞ்சல் அது. தன் திடலுக்கு வர அவள் நம்மிடம் கூச்சப்படுகிறாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை, தேநீரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது பழமொழி. நீ பூசாரிகூட இல்லை, அவருக்குக் குடை பிடிக்கிறவன்.

உன்மேல் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பாய். தலைவர் மேல் கோபமில்லையா என்றால், அவர் வெளியூர்க்காரர், இங்கே ஒரு நாள்கூடப் பந்து உதைத்தவர் இல்லை. அவருக்கு அது காலி நிலம். உனக்கு அப்படி இல்லை. நீ முதன்முதலில் கைவிட்டுச் சைக்கிள் ஓட்டியது அங்கே. முதன்முதலில் ஒருவனை அடித்ததும் அங்கேதான், அடிபட்டதும் அங்கேதான், அன்றே அவனோடு ஐஸ்கட்டி வாங்கித் தின்றாய். எல்லாம் அனுபவித்தவன் நீ, உன் மகளுக்கு அது வேண்டாம் என்று கையெழுத்துப் போடுகிறாய். நாலு பேர் முன்னால் 'செக்ரட்டரி' என்று கூப்பிடுவது அவ்வளவு இனிப்பாக இருக்கிறதா? உன்னை வளர்த்தவள் என்ற முறையில் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

இந்தக் கடிதத்தை உன் தலையணைக்கடியில் வைக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்கு அனுப்புகிறேன், லோரி வருகிற அந்த ஞாயிறே போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உன் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் அன்றைக்குக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து அதைத்தான் வரிவரியாகப் படிப்பார்கள், உனக்குத் தெரியும். மானம் போகிறதே என்று குதிக்காதே. ஆறு வயதுப் பிள்ளையைத் தெருவே பார்க்கத் தோப்புக்கரணம் போட வைத்தபோது அவளுக்கும் மானம் இருந்தது. நாலு நாளாக அவள் திடல் பக்கம் போகவில்லை. கூப்பிட்டால், "சாமிக்கு என்னைப் பிடிக்கல பாட்டி" என்கிறாள். அந்த வார்த்தையை நீ கேட்டாயா? கேட்டிருந்தால் லோரிக்குச் சொல்லியிருக்க மாட்டாய் என்று நம்பத்தான் நான் பார்க்கிறேன்.

நீ இதைப் படிக்கும்போது வீட்டில் நாங்கள் இருக்க மாட்டோம். உன் மனைவிக்கு எல்லாம் தெரியும், அவளைக் கேட்டுத் திட்டாதே. யாழினி ஊஞ்சலில் இருப்பாள், நான் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருப்பேன். மிஸஸ் லிம் தன் பேரனைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ரொஹானி அக்கா வருவாளா என்று தெரியாது. லோரி வரட்டும். தலைவர் அவளை இறக்கக் கூடாது, டிரைவர் இறக்கக் கூடாது, வேறு எவனும் என் பேத்தி மேல் கை வைக்கக் கூடாது. ஊஞ்சல் உங்களுக்கு வேண்டுமானால் நீயே வா. அவள் முகத்தைப் பார்த்து, நீயே உன் கையால் அவளை இறக்கு.

உன் அம்மா